எந்தக் குரல் வேண்டும்? அவரைக் கேட்டீர்களா?

திருவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் இராசபாளையம் அரை மணிப் பயணம். அந்த அரை மணிக்குள் ஒரு வாலிபர் எனக்குப் பாடம் நடத்திவிட்டார், தோழர்களே! கண் தெரியாதவர். மடித்த வெள்ளைக்கோல் மடியிலே, செல்போன் கையிலே. காதிலே சிறு குமிழ். விரல் மட்டும் திரைமீது ஓடிக்கொண்டே இருந்தது. "என்ன தம்பி கேட்கிறீர்கள்?" என்றேன். குமிழைக் கழற்றி என் காதில் வைத்தார். கடகடவென்று ஏதோ ஓடிற்று. நூற்பாலையில் கதிர்கள் சுழலும் இரைச்சல் நினைவுக்கு வந்ததே தவிர, ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"இது தமிழா?"

"தமிழ்தான் அண்ணாச்சி. இன்னிக்குப் பேப்பர்." சிரித்தார். "நீங்க பேப்பரை எழுத்துக்கூட்டியா வாசிக்கிறீங்க? கண்ணை ஓட விடுறீங்கல்ல? நான் காதை ஓட விடுறேன்."

வாயடைத்துப் போனேன். இருந்தாலும் இரக்கப்படும் புத்தி நம்மை விடுமா? "இந்தத் தகரக் குரலைவிட இனிமையாக ஒன்று கிடைக்காதா?" என்று கேட்டுவைத்தேன். "அதுவும் வச்சிருக்கேன், ராத்திரி கதை கேக்க. வேலைக்கு இதுதான் தோது" என்றார்.

ஏன் தோது? விசாரித்துப் பார்த்தபோது விஷயம் விளங்கிற்று. மனிதர் ஒருவரைப் பேசவைத்துப் பதிவு செய்து, அதைக்கொண்டு உண்டாக்கும் குரல் ஒருவகை. கேட்க இதமானது, ஆனால் வேகத்தை மூன்று மடங்கு கூட்டினால் பல குரல்கள் குழைந்துவிடுகின்றன. இன்னொரு வகை, தொண்டையும் வாயும் ஒலியை எப்படி வடிக்கின்றன என்பதைக் கணக்காக்கி, இயந்திரமே ஒலியைப் பிறப்பிப்பது. அழகில்லை, உயிரில்லை என்பார்கள். ஆனால் விரல் பட்டதும் பேசும். எத்தனை வேகத்திலும் எழுத்து எழுத்தாக நிற்கும். 'ஈஸ்பீக்' அப்படிப்பட்டது. இங்கிலாந்துக்காரர் ஜோனதன் டடிங்டன் 1995இல் தொடங்கிய வேலை அது. சில மெகாபைட்டுக்குள் பற்பல மொழி பேசுகிறது, நம் தமிழ் உட்பட. விலை? காசில்லை!

அதைச் சுமந்து வருவது 'என்.வி.டி.ஏ.' என்னும் திரைவாசிப்பான். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்னும் இரு இளைஞர்கள், இருவரும் பார்வையற்றவர்கள், 2006இல் தொடங்கியது. அதுவரை இப்படிப்பட்ட கருவிக்குப் பல்லாயிரம் ரூபாய் கொட்ட வேண்டும். மில் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை எங்கே போவான்? தமக்கு வேண்டியதைத் தாமே செய்து, ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார்கள் அந்த இருவரும்.

குரல்மீது மனிதன் வைக்கும் பற்று விளையாட்டல்ல. ஸ்டீபன் ஹாக்கிங் கதை தெரியும் அல்லவா? பேச்சிழந்த அந்த அறிஞருக்கு வாய்த்தது, அமெரிக்க ஆராய்ச்சியாளர் டென்னிஸ் கிளாட் தம் சொந்தக் குரலை அளந்து வடித்த குரல். கிளாட், 1988இல் 50ஆம் வயதில் புற்றுநோய்க்கு இரையானார். பின்னாளில் எத்தனையோ நேர்த்தியான குரல்கள் வந்தன. ஹாக்கிங் மாற்ற மறுத்துவிட்டார். அதுவே தம் குரல் என்றார். 2018இல் அவர் மறையும் வரை அதுவே பேசிற்று. 'எலோக்வன்ஸ்' என்றொரு பழங்குரலும் உண்டு. பார்வையற்றோர் பலர் அதை விடமாட்டேன் என்று நிற்க, ஆப்பிள் கம்பெனியே 2022இல் தன் ஐபோனில் அதைச் சேர்த்தது. ஆனால் அதற்குத் தமிழ் வராது. ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என இரட்டைக் குடித்தனம் நடத்துகிறார்கள் நம் பிள்ளைகள்.

தமிழுக்கு இன்று குரல் பஞ்சம் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஹேமா மூர்த்தி தலைமையில் பல நிறுவனங்கள் கூடி இந்திய மொழிகளுக்குக் குரல் செய்தன. தமிழுக்கு உழைத்தது எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி. மைக்ரோசாப்ட் தன் தமிழ் ஆண்குரலுக்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? வள்ளுவர்! பெண்குரல் பல்லவி. இலங்கைத் தமிழுக்குக் குமாரும் சரண்யாவும், சிங்கப்பூருக்கு அன்பும் வெண்பாவும், மலேசியாவுக்குக் கனியும் சூர்யாவும். பெயர் வைப்பதிலே குறைவில்லை!

குறை வேறிடத்தில். தமிழில் 'ப' ஒன்றே. பல்லுக்கும் அதுதான், பஸ்ஸுக்கும் அதுதான். நாம் பார்த்தவுடன் பிரித்துச் சொல்கிறோம், இயந்திரம் என்ன செய்யும்? சத்திரப்பட்டிப் பக்கம் தறிக்காரர் நெய்யும் 'பேண்டேஜ்' துணியைப் 'பேய்' போலத் தொடங்கும். சொல்லுக்கு நடுவே வந்தால் மெலிந்து ஒலிக்க வேண்டும் என்ற விதியை மட்டும் நம்பினால், இராசபாளையத்துப் 'பாளையமும்' பழுதாகும். தன் ஊர்ப்பெயரையே தப்பாகச் சொல்லும் குரலோடு ஒருவன் நாள்முழுதும் குடித்தனம் செய்வதை எண்ணிப் பாருங்கள்! இதைச் சரிசெய்ய, சொல்லுக்குச் சொல் உச்சரிப்பைத் தாமே எழுதிவைத்துக்கொள்ளும் அகராதி வசதி என்.வி.டி.ஏ.வில் உண்டு. அந்த வாலிபர் நூற்றுக்குமேல் எழுதி வைத்திருக்கிறாராம்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் பார்வைக் குறைபாடு உடையோர் நாட்டில் 50 லட்சத்துக்கும் மேல். 2016ஆம் ஆண்டுச் சட்டம், அரசு வேலையில் ஊனமுற்றோர்க்கு 4 சதவீதம் ஒதுக்கி, அதில் ஒரு சதவீதத்தைப் பார்வையற்றோர்க்கும் குறைபார்வையினர்க்கும் தந்தது. வேலைக்கு வந்தவர் கோப்புப் பார்ப்பது எதனால்? காதில் பேசும் குரலால். எட்டு மணி நேரம், அந்தக் குரலோடு! பக்கத்து மேசைக்காரர் கண்ணால் பத்து நிமிடத்தில் புரட்டும் கோப்பை, இவர் பழகாத குரலில், பழகாத வேகத்தில் கேட்டால் நாற்பது நிமிடம். பிறகு "மந்தம்" என்று பெயர் கட்டுவார்கள். கருவி வாங்கும் குழுவில் அதைக் கேட்டுப் பழகிய ஒருவரை உட்காரவைத்துக் கருத்துக் கேட்டால் என்ன குறைந்துவிடும்? டீக்கடையில்கூட நமக்கு ஸ்டிராங்கா, சர்க்கரை கம்மியா என்று கேட்டுத்தானே ஆற்றுகிறார்கள்!

சங்கத் தோழர்களுக்கு ஒரு வேலையும் உண்டு. நம் சுற்றறிக்கைகளைப் படம் பிடித்துச் செல்போனில் அனுப்புகிறோம். படத்தை எல்லாத் திரைவாசிப்பானும் படிக்காது, படித்தாலும் தடுமாறும். தட்டச்சு செய்த எழுத்தாக அனுப்பினால், எந்தக் குரலிலும் கேட்பார்கள்.

பழைய பஸ் ஸ்டாண்டு வந்தது. பஸ்ஸில் ஊர் சொல்லும் ஒலிபெருக்கி இல்லை. கண்டக்டர் சத்தமும் அன்று எழவில்லை. நான் வாய் திறக்குமுன் வாலிபர் எழுந்துவிட்டார். "செல்போன் சொன்னதா?" என்றேன்.

"இல்லை அண்ணாச்சி, புரோட்டாக் கல்லுச் சத்தம்" என்று சொல்லி, கோலை விரித்துக்கொண்டு இறங்கினார்.