உறை ஒன்று, மடல் வேறு: குறுவட்டும் நாடாவும் கணினியோடு இணைந்த வரலாறு

1990களின் தொடக்கத்தில் குறுவட்டுக் கருவி வாங்கியோரை ஓர் இடர் எதிர்கொண்டது. சோனி, மிட்சுமி, பானசோனிக் ஆகியவை தத்தமக்கென ஓர் இணைப்பு முறையை வைத்திருந்தன. அக்கால ஒலி அட்டைகள் சிலவற்றில் மூன்று வகைப் பொருத்துவாய்கள் அருகருகே அமைந்திருந்ததற்குக் காரணம் இதுவே.

கணினிக்குள் வன்தட்டுக்கென ஏடிஏ எனும் இடைமுகம் ஏற்கெனவே இருந்தது. அது மலிவானது, 40 முனை வடம் ஒன்றில் இரு கருவிகளைப் பூட்டலாம். எனினும் அதன் சொல்வளம் குறுகியது. "இவ்விடத்திலிருந்து இத்தனை கூறுகளைப் படி, இங்கே எழுது" என்பதே அதன் பேச்சின் சாரம். இசைத்தடத்தை ஒலிக்கச் செய்யவும் நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றவும் அதில் சொற்கள் இல்லை.

அச்சொற்கள் 1986இல் அமெரிக்கத் தரநிலையான ஸ்கசி இடைமுகத்தில் இருந்தன. ஆயினும் அதற்குப் பெரும்பாலும் தனி அட்டை வேண்டும். வீட்டுக் கணினிக்கு அது செலவு மிகுந்தது.

பொறியாளர்கள் புதுமொழி படைக்க முனையவில்லை. ஏடிஏவில் 'பொட்டலம்' எனும் ஆணையைச் சேர்த்தனர். அதைப் பெற்ற கருவி, பின்தொடரும் 12 பைட்டுகளை உண்மையான கட்டளையாகக் கொள்ளும். அப்பைட்டுகளில் இருப்பது ஸ்கசி வழக்கில் அமைந்த கட்டளை. உறை ஏடிஏ, உள்ளிருக்கும் மடல் ஸ்கசி. இம்முறைக்கு அட்டாப்பி என்று பெயர். 1998இல் வந்த நான்காம் பதிப்பில் ஏடிஏவும் அட்டாப்பியும் ஒரே தரநிலையாயின.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு நுட்பம். "நீ யார்?" என்று வன்தட்டைக் கேட்கும் வழக்கமான ஆணைக்கு அட்டாப்பிக் கருவி விடை தராது, ஆணையை மறுத்து, தனக்குரிய அடையாள எண்களை மட்டும் விட்டுவைக்கும். பழைய மென்பொருள் அதனை வன்தட்டென மயங்காதிருக்கச் செய்த ஏற்பாடு இது.

2003 முதல் சாட்டா எனும் மெல்லிய வடம் பரவி, அகன்ற பழைய வடம் மறைந்தது. பொட்டலம் மறையவில்லை. இன்றைய குறுவட்டுக் கருவியும் அதே வழக்கில்தான் கட்டளை பெறுகிறது. உரைப்பதிவுகளைக் குறுவட்டில் சேமித்துள்ள அமைப்புகளுக்கு இது பெரும் பேறு. நாடாவின் நிலை வேறு. கட்டளை மொழி நிலைத்திருந்தாலும், நாடாவின் அகலமும் பதிவு முறையும் வகைக்கு வகை மாறுவதால், அதற்கு இசைந்த பழைய கருவியே வேண்டும். இரண்டையும் வைத்திருப்போர் முதலில் படியெடுக்க வேண்டியது நாடாவையே.