புண்பட்ட மனமும் உறவென்னும் மருந்தும்

இளமையில் நேர்ந்த கொடுமை முதுமையிலும் மனத்தைவிட்டு அகலுவதில்லை. அத்தகைய புண்ணை ஆற்றிக்கொள்ள இயலுமா? கனடா நாட்டுக் கிரீ மக்களின் வரலாறு இவ்வினாவுக்கு ஒரு விடை தருகிறது.

கிரீ மக்கள் கியூபெக் முதல் ஆல்பர்ட்டா வரை பரவி வாழும் தொல்குடியினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1990களின் பிற்பகுதி வரை, அரசின் ஆதரவில் பெரும்பாலும் திருச்சபைகள் நடத்திய விடுதிப் பள்ளிகளில் தொல்குடிக் குழந்தைகள் ஏறத்தாழ 1,50,000 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் கிரீ குழந்தைகளும் பலர். தாய்மொழி பேசியதற்கே தண்டனை கிடைத்தது. அடியும் பசியும் பாலியல் கொடுமையும் பலருக்கு நேர்ந்தன. பெற்றோரின் அரவணைப்பை அறியாது வளர்ந்தவர்களுட் சிலர், தாமே பெற்றோரான காலத்தில் தம் மக்களிடம் அன்பு காட்டும் வகையறியாது தவித்தனர். சிலர் மதுவில் மறதியைத் தேடினர்.

ஆயினும் அவர்கள் துயரத்திலேயே அமிழ்ந்துவிடவில்லை. 1970 ஜூலையில், ஆல்பர்ட்டாவிலுள்ள புளூ குவில்ஸ் விடுதிப் பள்ளியில் கிரீ, டெனே மக்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தி, அதன் நிர்வாகத்தைத் தம் கையிற் பெற்றனர். இன்று அது தொல்குடியினரே நடத்தும் பல்கலைக்கழகம். ஒரு காலத்தில் தண்டனைக்குரியதாயிருந்த கிரீ மொழி அங்கே பாடமாக விளங்குகிறது.

மனப்புண் ஆறும் வழிதான் யாது? முதியோர் முன்னிலையில் அனைவரும் வட்டமாக அமர்கின்றனர். ஒருவர் பேச, மற்றையோர் குறுக்கிடாது கேட்கின்றனர். பழுக்கக் காய்ந்த கற்களின்மீது நீர் வார்த்து, எழும் ஆவியினிடையே அமர்ந்து வழிபடும் வியர்வைக் குடிலும் உண்டு. மனநல மருத்துவரின் துணையை நாடுவோரும், கிறித்தவ வழிபாட்டில் ஆறுதல் காண்போரும் உளர்.

இவற்றின் அடிப்படையை விளக்கக் கிரீ மொழியில் ஓர் அரிய சொல் உண்டு: 'வாஹ்கோதோவின்'. மனிதரும் நிலமும் உயிரினங்களும் ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவே அதன் பொருள். கொடுமை அறுத்தது உறவை. ஆகவே அதனை மீண்டும் பிணைப்பதே மருந்தாகிறது.

உண்மையைச் சொல்வதும் அம்மருந்தின் ஒரு பகுதியே. 2008 முதல் 2015 வரை இயங்கிய உண்மை, நல்லிணக்க ஆணையத்தின்முன் 6,500க்கு மேற்பட்டோர் சாட்சியம் அளித்தனர். அதன் ஆணையர் மூவருள் ஒருவரான வில்டன் லிட்டில்சைல்டு, தாமும் விடுதிப் பள்ளியில் வளர்ந்த கிரீ பெருமகனார்.

அன்பர்களே, பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த நாம் நம் மொழியை உடன் கொணர்ந்தோம். அவர்களிடமிருந்தோ அது பறிக்கப்பட்டது. ஆறுதல் என்பது நடந்ததை மறப்பதன்று. அதனை அஞ்சாது எடுத்துரைக்கவும், பரிவோடு கேட்கவும் சுற்றம் வாய்ப்பதேயாகும்.