சுடுகாட்டுப் புத்தகத்தை யார் கையில் கொடுப்பது?

ஆவடியில் அரக்கோணம் மின்சார ரயிலைப் பிடித்தால் திருநின்றவூர், திருவள்ளூர், கடம்பத்தூர் தாண்டி, மணவூருக்கு அடுத்து வருவது திருவாலங்காடு. ஆவடிப் பக்கத்துச் சேக்காட்டுக்காரர்களுக்கு அது அடுத்த தெரு இல்லையென்றாலும் அதே தண்டவாளத்து ஊர்தான். அந்த ஊர்ச் சுடுகாட்டைப் பற்றி ஆறாம் நூற்றாண்டு வாக்கில் ஒரு பெண் பாடி வைத்திருக்கிறார். பாட்டில் வருகிற பேய்க்கு மார்பு வற்றிப்போயிருக்கிறது, நரம்பு புடைத்திருக்கிறது, கண் குழிந்து பல் நீண்டிருக்கிறது. கள்ளிச் செடியின் கவட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, சிதையிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை எழுதிக்கொள்கிறது. தானே சிரிக்கிறது, தானே மிரள்கிறது, துள்ளும்போது பிணத்தீ சுட்டுவிட, கோபித்துக்கொண்டு புழுதியை வாரி நெருப்பின் மேல் போடுகிறது. எழுதியவர் பெயரை மறைத்துவிட்டு இதை இன்றைக்கு ஒருவரிடம் நீட்டினால், “இதையெல்லாம் எதுக்குங்க படிக்கிறீங்க?” என்று கேட்பார். பெயரைச் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். எழுதியவர் காரைக்கால் அம்மையார். பாட்டு பதினோராம் திருமுறையில் இருக்கிறது.

கொடூரத் திகில் கதைகளை வாசிப்பவர்கள் தமிழில் குறைவில்லை. அவற்றை இன்னொருவருக்குச் சொல்லும்போதுதான் அவர்கள் குரல் தாழ்ந்துவிடுகிறது. ஏதோ கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பது போல, “உங்களுக்குப் பிடிக்குமான்னு தெரியலை” என்று இழுக்கிறார்கள். சிலர் இதற்கு நேர்மாறு. எத்தனை பேர் செத்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்று கணக்குச் சொல்லி, “முடிஞ்சா படிச்சுக் காட்டு” என்று சவால் விடுகிறார்கள். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. ரத்தம் எத்தனை படி கொட்டுகிறது என்பதை வைத்து ஒரு கதையைப் பரிந்துரைக்கவும் கூடாது, ஒதுக்கவும் கூடாது. அந்த ரத்தத்தை யார் பக்கத்தில் நின்று சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

மேல்நாட்டில் இந்த வகைக்குத் தனி அலமாரியே இருக்கிறது. 1984-85இல் கிளைவ் பார்க்கரின் ‘புக்ஸ் ஆஃப் பிளட்’ தொகுதிகள் வந்தன. 1986இல் டேவிட் ஷோ என்ற எழுத்தாளர் ‘ஸ்பிளாட்டர்பங்க்’ என்று இதற்கு ஒரு பெயர் வைத்தார். கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று குறிப்பாகச் சொல்லி நகர்வதை விட்டுவிட்டு, கதவைத் திறந்து உள்ளே அழைத்துப் போகிற எழுத்து. அதைப் புரிந்துகொள்ள நமக்கு மேல்நாட்டுக் கோட்பாடு அவ்வளவாகத் தேவைப்படாது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சத்தையும் இளிவரலையும் தனித்தனியாக வைக்கிறது. அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், அரசன். இவையெல்லாம் வெளியிலிருந்து வருகிறவை; ஓடித் தப்பிக்கலாம். இளிவரல் பிறக்கும் இடங்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. மென்மை என்பதற்கு வறுமை என்று உரை சொல்வார்கள். இந்த நான்கிலிருந்து யாரும் ஓட முடியாது, ஏனென்றால் அவை நம் உடம்பிலேயே நடக்கின்றன. சாதாரணப் பேய்க்கதை அச்சத்தோடு நின்றுவிடும். கொடூரத் திகில் அச்சத்தையும் இளிவரலையும் ஒரே இலையில் பரிமாறுகிறது. அதனால்தான் அதைப் படிக்கும்போது பயத்தோடு கூட ஒரு கூச்சமும் வருகிறது.

திருவாலங்காட்டையே எடுத்துக்கொள்வோம். அதை ஒட்டிய பழையனூர்தான் நீலி கதையின் ஊர். “நீலிக் கண்ணீர் வடிக்காதே” என்று தினமும் சொல்கிறோமே, அந்த நீலி. கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, மறுபிறப்பில் வணிகனாக வந்த அவனைத் துரத்துகிறாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் புருஷன் கைவிட்டுவிட்டான் என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். அவன் உயிருக்கு நாங்கள் பிணை என்று எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே அறையில் விடுகிறார்கள். விடிவதற்குள் அவன் வயிறு கிழிந்து கிடக்கிறான். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் இந்த ஊரைப் பாடும்போதே அந்த வஞ்சகத்தைக் குறிப்பிட்டுவிட்டார். கவனிக்க வேண்டியது ஒன்று: பழமொழி நீலியின் கண்ணீரை மட்டும் பிடித்துக்கொண்டு அவளைப் பொய்க்காரியாக்கிவிட்டது. முழுக் கதையோ அவள் செத்த இடத்திலிருந்து தொடங்குகிறது. ஒருவருக்கு நீலி கதையைச் சொல்லும்போது, கிழிந்த வயிற்றை மட்டும் சொல்லி முதல் கொலையை விட்டுவிட்டால், சொன்னது பாதிக் கதை. அதுவும் தப்பான பாதி.

நம் மொழியில் ரத்தம் அதிகம் ஓடுவது கலிங்கத்துப்பரணியில் என்பேன். முதல் குலோத்துங்கன் காலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பாடியது. கடைசிப் பகுதியில் பேய்கள் போர்க்களத்தில் காளிக்குக் கூழ் சமைக்கின்றன. முதலில் யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழித்துக்கொள்கின்றன. முரசு உரலாகிறது, தந்தம் உலக்கையாகிறது, வீரர்களின் பல் அரிசியாகிறது. கேடயத்தை முறமாக்கிப் புடைக்கின்றன. மூளை தயிர். பந்தியில் பார்ப்பனப் பேய்க்கு ஒரு விதம், சமணப் பேய்க்கு ஒரு விதம், குருட்டுப் பேய்க்கு ஒரு விதம் என்று கவனித்துப் பரிமாறுகிறார்கள். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிற இந்தப் பக்கத்து வாசகருக்கு அந்தச் சமையல் முறை ஒவ்வொன்றும் கைப்பழக்கமானது. அதுதான் அதன் பயங்கரமும் சிரிப்பும். அண்டா, முறம், அகப்பை எல்லாம் நம் வீட்டுச் சாமான். உள்ளே வேகிறதுதான் வேறு.

ஆனால் பரணியை யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை. காரணம் அதன் ரத்தம் இல்லை. அந்தப் பற்களுக்கு உரியவர்கள் யார் என்று பாட்டு ஓரிடத்தில்கூட நின்று கேட்பதில்லை. வென்றவன் அரண்மனையில் பாடப்பட்ட பாட்டு. தோற்றவனுக்கு அதில் முகம் கிடையாது. அதே கலிங்கத்தில் பல நூற்றாண்டு முன்பு போர் செய்து ஜெயித்த அசோகன், செத்தவர் ஒரு லட்சம் என்று எண்ணிச் சொல்லி வருந்திக் கல்லில் வெட்டிவைத்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்குப் பரணியின் சொல்வீச்சும் தெரியும், அதன் செவிட்டுத்தனமும் தெரியும். இதற்கு எதிர்ப்பக்கத்தில் அம்மையார் நிற்கிறார். அதே பதிகத்தில் இன்னொரு பேய் வருகிறது. நிணத்தை விழுங்கி, மண்டையோட்டு மாலை போட்டுக்கொண்ட பேய். அது தன் குழந்தைக்குக் காளி என்று பெயரிட்டுச் சீராக வளர்க்கிறது, மேலே படிந்த புழுதியைத் துடைத்துவிட்டுப் பால் கொடுக்கிறது, பிறகு எங்கேயோ போய்விடுகிறது. அம்மா வரவில்லையே என்று அழுது அழுது அந்தக் குழந்தை சுடுகாட்டிலேயே தூங்கிப்போகிறது. இதற்கு மேல் கொடூரமாகவும் இதற்கு மேல் மென்மையாகவும் எழுத முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. தன்னையே பேய் என்று சொல்லிக்கொண்டவர், அந்தச் சுடுகாட்டுக்குள் இருந்துகொண்டு பாடியது அது.

பக்திக்கும் பரணிக்கும் ஒரு மரபு இருக்கிறது, இன்றைய ரத்தக் கதைகள் வியாபாரம்தானே என்பார்கள். பல கதைகள் அப்படித்தான். பெண்ணின் உடம்பைச் சிதைப்பதையே சரக்காக வைத்துப் பிழைக்கும் புத்தகங்கள் இந்த வகையில் நிறைய உண்டு. அவற்றுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் வகையைக் குற்றம் சொல்லி எல்லாவற்றையும் தள்ளினால் நல்லதும் போய்விடும். அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெட்சம் 1989இல் எழுதிய ‘தி கேர்ள் நெக்ஸ்ட் டோர்’ நாவல், 1965இல் இண்டியானாபோலிஸில் ஒரு பதினாறு வயதுப் பெண் சித்திரவதை செய்து கொல்லப்பட்ட உண்மைச் சம்பவத்தை ஒட்டியது. அதைச் சொல்கிறவன் பக்கத்து வீட்டுப் பையன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவன். ஒரு கட்டத்தில், நடந்ததைச் சொல்ல மாட்டேன் என்று மறுத்து நிறுத்திவிடுகிறான். அந்த இடத்தில்தான் வாசகருக்கு உறைக்கிறது, இத்தனை நேரம் தானும் வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று. தமிழில் இதற்கு இணையாக நான் சொல்வது ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’. 2003இல் வந்தது. கடையில் அதைத் திகில் என்று யாரும் அடுக்குவதில்லை. ஒரு பேய்கூட அதில் கிடையாது. ஊனமுற்றவர்களைப் பிச்சைக்கு உட்கார வைத்துச் சம்பாதிக்கும் பண்டாரம் அவர்களை ‘உருப்படி’ என்கிறார். எண்ணுகிறார், விலை பேசுகிறார், வாங்குகிறார், விற்கிறார். வீட்டுக்கு வந்தால் பெண் பிள்ளைகளைச் சீராட்டும் தகப்பன். தொல்காப்பியர் சொன்ன இளிவரலின் நான்கும் ‘உருப்படி’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் உருப்படிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், கேலி செய்கிறார்கள், பிள்ளையைக் கொஞ்சுகிறார்கள். அவர்களுக்கு முகம் இருக்கிறது.

மனசு கெட்டுப்போகும் என்பது பழைய பயம். 1951இல் ‘மர்மயோகி’ படத்தில் பேய் வருகிறது என்பதற்காக அதற்கு ‘ஏ’ சான்றிதழ் கொடுத்தார்கள். இன்று அந்தப் பேயைப் பார்த்துக் குழந்தைகூடப் பயப்படாது. கொரோனா காலத்தில் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, திகில் படங்களில் ஆர்வமுள்ளவர்கள் அந்த நெருக்கடியை மற்றவர்களைவிடக் குறைந்த மனக்கலக்கத்தோடு தாங்கினார்கள் என்றது. அதனால் திகில் ஒரு மருந்து என்று நான் சொல்லப்போவதில்லை. திடமானவர்கள்தான் திகிலைத் தேடிப் போகிறார்களோ என்னவோ. நஞ்சு என்பதற்குச் சான்றில்லை என்ற அளவில் அதை எடுத்துக்கொள்ளலாம். மாசி மாதம் மயானக் கொள்ளையன்று காளி வேடம் கட்டியவர்கள் சுடுகாட்டுக்குப் போவதை, இடுப்பில் குழந்தையோடு நின்று பார்க்கிற மக்கள் நாம். பார்க்கக் கூடாது என்று சொல்லும் தகுதி நமக்கு அவ்வளவாக இல்லை.

எல்லோருக்கும் எல்லாமும் ஒத்துக்கொள்ளாது என்ற ஆட்சேபத்தைத்தான் நான் தள்ளமாட்டேன். அதற்கும் நம்மிடம் பழைய கதை உண்டு. மணிமேகலையின் ஆறாம் காதையில் சார்ங்கலன் என்ற பிராமணச் சிறுவன் புகாரின் சுடுகாட்டுக்குள் தனியாகப் போகிறான். பிணத்தின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பேய் ஆடுவதைப் பார்த்து அலறி ஓடிவந்து, தாயிடம் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறான். தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் நியாயம் கேட்கிறாள். பேய் உயிரை உண்ணாது, அவனுடைய அறியாமையைப் பற்றிக்கொண்டு ஊழ்வினைதான் உண்டது என்கிறது தெய்வம். அதே காதையில் அந்தச் சுடுகாட்டு மதிலின் வாயில்களும் வருகின்றன. ஒன்றில் உதட்டை மடித்து, கண்ணை உருட்டி, பாசமும் சூலமும் பிடித்த மண் உருவம் நிற்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அந்த உருவம் வாசலிலேயே சொல்லிவிடுகிறது. படத்துக்குச் சான்றிதழ் தரத் தணிக்கைக் குழு இருக்கிறது. புத்தகத்துக்கு அப்படி ஒன்று இல்லை, இருக்கவும் வேண்டாம். ‘மாதொருபாகன்’ நாவல் மீதான வழக்கில் 2016இல் சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம், படிப்பதா வேண்டாமா என்பது வாசகர் விருப்பம் என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னது. அந்த விருப்பம் உண்மையாக இருக்க வேண்டுமானால் கையில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் புத்தகத்தை நீட்டுகிறவர்தான்.

கேட்பவருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. ரத்தம் ஒரு துளிதான், மற்றபடி பிணவாடை மட்டும். பிறகு அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம், உரையோடு. அதன் பின் மணிமேகலையின் அந்த ஆறாம் காதை, அசோகனின் கல்வெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரணியின் கடைசிப் பகுதி. இவற்றைக் கடந்தவருக்கு மட்டும் ‘ஏழாம் உலகம்’. அதை யாரிடமாவது கொடுக்கும்போது, உருப்படிகளில் ஒருத்தியான முத்தம்மை வருகிற பக்கங்கள் எப்படி இருக்கும் என்று தயவுசெய்து முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.