தண்ணீரைத் தவிர்க்கும் ஓட்டுநர்கள்: ஓசையின்றிப் பாதிக்கப்படும் சிறுநீரகங்கள்

புதுடெல்லி: லாரி, பேருந்து, வாடகைக் கார், ஆட்டோ ஓட்டுவோரில் பலர் பணி நேரத்தில் தண்ணீரைக் குறைத்தே அருந்துகின்றனர். இதை அலட்சியம் என்று கூற இயலாது. வழியில் வண்டியை நிறுத்த இடமும் கழிவறையும் கிடைக்காது என்ற அச்சமே காரணம். ஆனால், இப்பழக்கத்தின் சுமை சிறுநீரகங்கள் மீது விழுகிறது.

உடலில் நடப்பது என்ன?

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஏறத்தாழ முழுவதையும் மீண்டும் ரத்தத்தில் சேர்க்கின்றன. ஒன்றிரண்டு லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. எஞ்சின் வெப்பம் நிறைந்த கேபினில் வியர்வை பெருகும்போது, சிறுநீரகங்களுக்குச் செல்லும் ரத்த ஓட்டம் குறைகிறது. சிறுநீர் அடர்த்தியாவதால் கல் உருவாகும் வாய்ப்பு அதிகரிக்கிறது. சிறுநீரை நெடுநேரம் அடக்குவது தொற்றுக்கு வழிவகுக்கலாம்.

வலி நிவாரணிகளால் ஆபத்து

முதுகுவலிக்காக மருத்துவர் ஆலோசனையின்றி உட்கொள்ளும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள், உடலில் நீர் வற்றிய நிலையில் அந்த ரத்த ஓட்டத்தை மேலும் குறைக்கும். நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு முதன்மைக் காரணங்களான நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நாள் முழுவதும் அமர்ந்தே பணிபுரிவதும், இரவு விழிப்பும், உப்பு மிகுந்த உணவும் அவ்விரு நோய்களுக்கும் துணைபோகின்றன.

இரண்டு பரிசோதனைகள்

தொடக்க நிலையில் இந்நோய் பெரும்பாலும் வலியோ அறிகுறியோ காட்டாது. ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் ஆகிய இரண்டு எளிய பரிசோதனைகள் பாதிப்பை முன்கூட்டியே காட்டிவிடும். எனினும், போக்குவரத்து வாகன உரிமத்துக்கான மருத்துவச் சான்றாகிய படிவம் 1-ஏ-வில் கண்பார்வை, செவித்திறன் போன்றவையே கேட்கப்படுகின்றன. இவ்விரண்டும் அதில் இல்லை. எனவே ஓட்டுநர்கள் தாமாகவே ஆண்டுக்கு ஒருமுறை இவற்றைச் செய்துகொள்வது நல்லது.

விதிகள் கூறுவது என்ன?

ஐந்து மணி நேரப் பணிக்குப் பின் குறைந்தது அரை மணி நேர ஓய்வு அளிக்க வேண்டும் என 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. புதிதாகத் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதன வசதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பழைய லாரிகளில் செல்வோருக்கு இப்பயன் கிட்டாது. கழிவறை இல்லாத சாலைகளில், தண்ணீர் அருந்துமாறு கூறும் அறிவுரை மட்டும் போதாது.

கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், சிறுநீரில் ரத்தம் ஆகியவை தென்பட்டால் உடனடியாக மருத்துவரை அணுக வேண்டும். ஏற்கெனவே இதய அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள், அருந்த வேண்டிய நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டறிவது அவசியம்.