பழைய புல்லட்டுக்குப் புத்துயிர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

ஓடும் வரைதான் வண்டி. நின்றுவிட்டால் அது எடைக்குப் போடும் இரும்பு. இதுவே உலக வழக்கு. ஆனால் நின்றுபோன எந்திரம் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு காரணத்தால்தான் நிற்கிறது. அக்காரணத்தைக் கண்டறிந்து நீக்கினால் அது மீண்டும் ஓடியே தீரவேண்டும். ஏனெனில் எந்திரத்திற்குப் பிடிவாதம் கிடையாது. இயற்கையின் விதிகளுக்கு மட்டுமே அது கட்டுப்பட்டது. வகுப்பறையில் நாம் பயிலும் அவ்விதிகள் ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்குள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதையும், அவ்வண்டியை வீட்டிலேயே எவ்வாறு செப்பனிட்டுச் சுருதி சேர்க்கலாம் என்பதையும் நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டாக நான் கொள்வது 350 சி.சி. என்ஃபீல்டு புல்லட். என் பெரியப்பா பால் கேன்களைக் கட்டி ஓட்டிய வண்டி அது. ஒன்பது ஆண்டுகள் மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் நின்றது. பழைய இரும்புக்காரர் வந்து விலை பேசிவிட்டுப் போனபின், "பொங்கல் வரை பொறுங்கள் பெரியப்பா" என்று தவணை கேட்டு வாங்கினேன். முழு வேலையையும் பட்டறையில் கொடுக்கப் பணமில்லை. ஆகவே கையால் ஆகக்கூடியதை வீட்டிலும், லேத் வேலையை மட்டும் வெளியிலும் செய்தோம்.

புல்லட்டின் வரலாறு

இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1901இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 'புல்லட்' என்ற பெயர் 1932இல் சூட்டப்பட்டது. இந்திய இராணுவத்தின் தேவைக்காக இவ்வண்டிகள் நம் நாட்டுக்கு வந்தன. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் கூடி 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் உதிரிப் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பின்னர்ப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. 1967இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றது. 1977இல் சென்னையில் செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின! தாய் மறைந்த பின்னும் பிள்ளை தழைத்த கதை இது. 1994இல் நிறுவனம் ஐச்சர் குழுமத்தின் கைக்கு வந்தது.

பழைய வார்ப்பிரும்பு எந்திரத்தின் உருளை விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 90 மி.மீ. இவ்விரண்டையும் கொண்டு கன அளவைக் கணக்கிட்டால் 346 கன செ.மீ. வரும். '350' என்று நாம் சொல்வது இதைத்தான்.

அவசரம் கூடாது

நெடுநாள் நின்ற வண்டியைக் கண்டதும் கிக்கரை ஓங்கி உதைக்கத் தோன்றும். அது கூடாது. உருளைக்குள் துருவேறிப் பிஸ்டன் வளையங்கள் ஒட்டியிருக்கக் கூடும். வலிந்து உதைத்தால் வளையம் முறியும். பிளக்கைக் கழற்றி, டீசலும் எந்திர எண்ணெயும் கலந்து சிறிது ஊற்றி, மூன்று நாள் ஊறவிட வேண்டும். பிறகு மேல் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். எங்கள் வண்டியில் நான்காம் நாள் காலையில் பிஸ்டன் அசைந்தது.

அடுத்தது எண்ணெய். இவ்வெந்திரத்தின் எண்ணெய், அடிக்கூட்டிலேயே உள்ள தனி அறையில் இருக்கிறது. ஒரு பம்பு அதை உறுப்புகளுக்கு அனுப்ப, மற்றொரு பம்பு வடிந்ததைத் திரும்ப அறைக்குக் கொண்டுவருகிறது. நம் உடலில் குருதி இதயத்திலிருந்து சென்று திரும்புவது போன்றதே இது. பழைய எண்ணெயை முற்றிலும் வடித்து, வடிகட்டியை மாற்றி, புதிதாக ஏறத்தாழ இரண்டேகால் லிட்டர் ஊற்ற வேண்டும்.

பெட்ரோல் தொட்டியின் உட்புறம் துரு படிந்திருந்தது. பலசரக்குக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து ஊற்றி ஓர் இரவு வைத்தால் துரு இளகும். கைப்பிடி ஜல்லியைப் போட்டுக் குலுக்கினால் உதிரும். பின்னர்ச் சமையல் சோடாக் கரைசலால் அமிலத்தை முறித்து, கழுவி, உடனே வெயிலில் உலர்த்த வேண்டும். பெட்ரோல் ஆவி எஞ்சிய தொட்டியின் அருகே நெருப்பைக் கொண்டுசெல்லவே கூடாது. வெற்றுத் தொட்டி நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது.

இக்காலத்துப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய இரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் கெடுக்கும். ஆகவே பெட்ரோல் குழாய்களைப் புதிய எரிபொருளைத் தாங்கக்கூடியவையாக மாற்றிவிடுவதும், நெடுநாள் ஓட்டாவிட்டால் தொட்டியை வடித்துவிடுவதும் நல்லது.

தீப்பொறி பிறக்கும் விதம்

இனி இயற்பியலுக்கு வருவோம். எங்கள் வண்டியின் மின்கலம் தருவது 6 வோல்ட்டுதான். பிளக்கின் இடைவெளியில் பொறி தாவப் பல்லாயிரம் வோல்ட்டு வேண்டும். இதை ஆக்கித் தருவது காயில். அதன் முதன்மைச் சுருளில் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் உண்டாகிறது. 'பாயிண்ட்' என்னும் தொடுமுனைகள் சட்டென்று பிரிந்ததும் மின்னோட்டம் அறுபட்டுக் காந்தப்புலம் சரிகிறது. அச்சரிவு எவ்வளவு விரைவோ, துணைச் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம் அவ்வளவு அதிகம். ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் விதி இதுவேயன்றோ?

எங்கள் வண்டியில் பொறி மஞ்சளாகவும் நோஞ்சானாகவும் வந்தது. பிளக்கையும் காயிலையும் மாற்றியும் பயனில்லை. எங்கள் தெருமுனைப் பட்டறைக்கார அண்ணன் வந்து பார்த்தார். பாயிண்ட் பிரியும் இடத்தில் நீல நிறத்தில் பொறி சிதறுவதைக் கண்டதும், "கண்டன்சர் போச்சு தம்பி" என்றார். மாற்றியதும் பிளக்கில் நீலப் பொறி படீரென்று தெறித்தது.

காரணம் அவருக்குத் தெரியாது, அனுபவம் தெரியும். காரணம் எனக்கு வகுப்பில் கிடைத்திருந்தது, அனுபவம் இல்லை. பாயிண்ட் பிரியும்போது மின்னோட்டம் இடைவெளியைத் தாவிக்கொண்டு தொடர முயலும். கண்டன்சர் என்னும் மின்தேக்கி அந்த மின்னூட்டத்தை உள்வாங்கி ஓட்டத்தை உடனே நிறுத்துகிறது. அது கெட்டால் மின்னோட்டம் மெல்ல அறும், காந்தப்புலமும் மெல்லச் சரியும், பொறி வலுவிழக்கும். இதை அவருக்கு விளக்கினேன். "இருபது வருஷமா மாத்துறேன், ஏன்னு இன்னைக்குத்தான் தெரியுது. இதை அப்படியே தமிழ்ல எழுதிக் குடு தம்பி, பட்டறைப் பசங்க படிக்கட்டும்" என்றார். அவருக்காக எழுதிய நான்கு தாள்களே விரிந்து இக்கட்டுரையாயிற்று.

பொறி எப்போது விழவேண்டும்?

நான்கு வீச்சு எந்திரத்தில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பொறி விழுகிறது. நிமிடத்திற்கு 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 25 பொறிகள். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. எரியும் கலவை முழு அழுத்தத்தை எட்ட, சான்றாக, விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு ஆகும் என்று கொள்வோம். அதற்குள் சுழல்தண்டு 36 பாகை திரும்பிவிடும்! எனவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழவேண்டும். வேகம் கூடக்கூட மேலும் முந்த வேண்டும். இதற்கென்றே எந்திரத்தில் இரு சிறு எடைகள் உள்ளன. வேகம் கூடும்போது அவை விலகிப் பொறியை முன்தள்ளுகின்றன.

அமைக்கும் முறை எளிது. முதலில் பாயிண்ட் முழுதும் பிரிந்திருக்கும்போது இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வைக்க வேண்டும். பிறகு பிளக் துளை வழியே ஒரு குச்சியை விட்டு, அமுக்க வீச்சில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பாக இருக்குமாறு நிறுத்த வேண்டும். மெல்லிய தாளைப் பாயிண்ட்டுக்கு இடையே வைத்து லேசாக இழுத்தால், முனைகள் பிரியத் தொடங்கும் கணத்தில் தாள் நழுவி வரும். இவ்விரண்டும் ஒரே நேரத்தில் நிகழுமாறு பாயிண்ட் தட்டைத் திருப்பி இறுக்க வேண்டும். பொறி மிக முந்தினால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். பிந்தினால் எந்திரம் கொதிக்கும், இழுவை குறையும்.

டேப்பட்டும் கார்புரேட்டரும்

வால்வுகளைத் திறப்பவை இரு தள்ளுதண்டுகள். எந்திரம் குளிர்ந்திருக்கையில், அமுக்க வீச்சின் உச்சியில், அத்தண்டுகள் விரலால் உருட்டினால் தாராளமாகச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. இடைவெளியே இல்லாமல் வைப்பது ஏன்? இரும்பு சூடேறினால் நீளும். 10 செ.மீ. உயரமுள்ள இரும்பு 100 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.1 மி.மீ. நீளும். உருளை உயர்ந்ததும் தேவையான இடைவெளி தானே உண்டாகிவிடும்.

கார்புரேட்டரின் நுண்துளைகளைப் பெட்ரோலாலும் காற்றாலும் மட்டுமே தூய்மை செய்யவேண்டும். கம்பியை விட்டுக் குடைந்தால் துளையின் அளவு மாறிவிடும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ பதினைந்து பங்கு காற்று தேவை. எத்தனால் கலந்தால் அவ்வளவு காற்று வேண்டியதில்லை. ஆகவே பழைய அளவில் விட்டால் கலவை சற்று வறண்டுபோகும்.

சுருதி சேர்க்கும் முறை இது. எந்திரத்தைச் சூடாக்கி மெல்ல ஓடவிட வேண்டும். ஏர் ஸ்குரூவை மென்மையாக முழுதும் மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறக்க வேண்டும். பிறகு கால் சுற்றாக இப்புறமும் அப்புறமும் திருப்பி, ஓட்டம் எங்கே சீராகவும் விரைவாகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். கூடிய வேகத்தைத் திராட்டில் திருகால் குறைத்துக்கொள்ளலாம். பத்துக் கிலோமீட்டர் ஓட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதுவே சான்றிதழ் தரும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. காப்பித்தூள் நிறம் என்றால் சரியான கலவை.

இவை அனைத்திற்கும் முன்பாகப் பிரேக் கட்டைகளையும், கேபிள்களையும், டயர்களையும் பார்த்துவிட வேண்டும். ஓடவைப்பது திறமை, நிறுத்தவைப்பது கடமை.

புதுப்பித்தலும் பேணுதலும்

சட்டத்தையும் மறக்கலாகாது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்த, பெருமாற்றம் செய்யப்படாத வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்ய 2021இல் நடுவண் அரசு விதி வகுத்தது. ஆனால் அவ்வாறு பதிந்தவற்றை நாள்தோறும் ஓட்டக்கூடாது. எங்கள் வண்டிக்குப் பால் கேன் சுமக்கும் வேலை இருப்பதால் வழக்கமான பதிவையே புதுப்பித்தோம்.

தொட்டிக்குப் புது வண்ணம் பூசலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். பெரியப்பா வேண்டாம் என்றுவிட்டார். கேன் உராய்ந்து தேய்ந்த இடங்கள் அவருடைய இருபத்தைந்தாண்டு உழைப்பின் தடங்கள். பழையதைப் பேணுவது வேறு, புதியது போலாக்குவது வேறு என்பதை அன்று உணர்ந்தேன். பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு டிகம்ப்ரஷன் நெம்புகோலைப் பிடித்துப் பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் நகர்த்தி, நெம்புகோலை விட்டு, ஒரே உதை உதைத்தார். வண்டி கிளம்பியது. இரும்புக்காரருக்குச் சொல்லியனுப்பிவிட்டோம்.

பாயிண்ட்டும் கார்புரேட்டரும் உள்ள வண்டிகள் இனிப் பிறக்கப் போவதில்லை. புதிய வண்டிகளில் அவ்வேலையை மின்னணுக் கருவிகள் செய்கின்றன. அவற்றின் மூடியைத் திறந்தால் கண்ணுக்கு எதுவும் புலப்படாது. ஆனால் பழைய எந்திரம் ஒளிவுமறைவில்லாத ஆசிரியர். மின்காந்தத் தூண்டல், வெப்ப விரிவு, மையவிலக்கு விசை, எரிதல் ஆகிய அனைத்தையும் கையில் கிரீசோடு அது கற்பிக்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் அனுபவம் குவிந்து கிடக்கிறது. நம் நூல்களில் காரணம் குவிந்து கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தெரு அகலமானதன்று. அதைக் கடந்து செல்ல வேண்டியவர்கள் படிக்க வந்திருக்கும் நாமே. உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஒரு பழைய வண்டி நிற்குமானால், எடை போடுமுன் ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்!