மனை சாமிக்கு, வீடு நமக்கு! கெடு முடிஞ்சா என்ன ஆகும்?

ஆய்க்குடி–

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து இங்கதான் இருக்கோம். இனிமே யாரு அண்ணாச்சி வந்து கேக்கப் போறா?"

கோயில் மனையில் வீடு கட்டியவர்கள், கோயில் இடத்தில் கடை போட்டவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இது. ஆய்க்குடி, தென்காசி, குற்றாலம் என்றில்லை. கோயில் உள்ள ஊரெல்லாம் இதே கதைதான்.

எத்தனை தலைமுறை என்று சட்டம் கேட்பதில்லை. "குத்தகை நடப்பில் இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறது!

சுவர் ஒருவருக்கு, தரை ஒருவருக்கு

குத்தகை மனையில் கட்டடம் நம்முடையது. அடியில் உள்ள மண் நம்முடையதல்ல. விற்கும்போது "கட்டடம் மட்டும்" என்று பத்திரம் எழுதுவது இதனால்தான்.

அந்த மனையில் அடுக்கு மாடி எழுப்பி வீடு வீடாக விற்றாலும் நிலைமை மாறாது. வாங்குகிறவர் பணம் கொடுப்பது சுவருக்கும், மீதியுள்ள வருஷங்களுக்கும்தான். 30 வருஷம் பாக்கி உள்ள வீடும், 3 வருஷம் பாக்கி உள்ள வீடும் ஒரே விலை ஆகுமா?

5 வருஷக் கோடு

1959-ம் வருஷத்து இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. கோயில் சொத்தை 5 வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவேண்டுமானால் கமிஷனரின் அனுமதி வேண்டும். அதற்கு முன் விளம்பரம் கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். கோயிலுக்கு நன்மை என்று தெரிந்தால்தான் அனுமதி கிடைக்கும்.

அனுமதி இல்லாமல் எழுதிய நீண்ட காலக் குத்தகை செல்லாது. "தர்மகர்த்தா கையெழுத்துப் போட்டுத் தந்தாரே" என்றால் எடுபடாது.

இன்னொன்று: ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை ரிஜிஸ்தர் செய்தே ஆகவேண்டும். வெள்ளைத்தாள் ஒப்பந்தம் கோர்ட்டில் நிற்காது.

குத்தகைதாரர், மறுநாள் ஆக்கிரமிப்பாளர்!

கெடு முடிந்தும் காலி செய்யாமல் இருப்பவரை, அதே சட்டத்தின் 78-வது பிரிவு "ஆக்கிரமிப்பாளர்" என்கிறது. நேற்று வரை குத்தகைதாரர். இன்று ஆக்கிரமிப்பாளர்! இணை கமிஷனர் விசாரித்து, வெளியேறும்படி உத்தரவு போடலாம்.

"மாசா மாசம் பணம் கட்டுதேனே?" என்று சிலர் கேட்பார்கள். ரசீது வேறு. குத்தகைப் பத்திரம் வேறு.

வாடகை ஏறினால்?

வாடகையை நிர்ணயிக்க 34-ஏ பிரிவில் ஒரு கமிட்டி உண்டு. இணை கமிஷனர், கோயில் நிர்வாக அதிகாரி அல்லது அறங்காவலர், மாவட்டப் பதிவாளர் ஆகியோர் அதில் இருப்பார்கள். அந்த வட்டாரத்து மார்க்கெட் வாடகைதான் அவர்களுக்கு அளவுகோல்.

தொகை அதிகம் என்று நினைப்பவர் கமிஷனரிடம் அப்பீல் செய்யலாம். அதற்குப் பிறகு ஐகோர்ட் இருக்கிறது. ஆனால் நிர்ணயித்த வாடகையைக் கட்டிய அத்தாட்சி இல்லாமல் அப்பீலை ஏற்க மாட்டார்கள். கோபத்தில் பணம் கட்டாமல் இருப்பவர் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறார்.

மனையையே வாங்க முடியாதா?

ஒரு காலத்தில் வழி இருந்தது. 1921-ம் வருஷத்து நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டப்படி, அது அமலில் உள்ள ஊர்களில், கட்டடம் கட்டியவர் மனையை விலைக்குத் தரும்படி கோர்ட்டில் கேட்கலாம். 1996-ல் வந்த திருத்தம், கோயில் முதலிய மத நிறுவனங்களின் நிலங்களுக்கு அந்தக் கதவை மூடிவிட்டது. மயிலாப்பூர் கிளப் வழக்குப் போட்டது. திருத்தம் செல்லும் என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறிவிட்டது.

சீமையில் எப்படி?

சிங்கப்பூரில் அரசாங்க அடுக்கு மாடி வீடுகள் 99 வருஷக் குத்தகை. கேலாங் லோரோங் 3-ல் 191 வீடுகளுக்கு 60 வருஷக் குத்தகை 2020 டிசம்பர் 31-ல் முடிந்தது. நீட்டிப்புக் கிடையாது. நிலம் அரசாங்கத்துக்கே திரும்பியது.

இங்கிலாந்தில் நேர்மாறு. குத்தகை அடுக்கு மாடி வீட்டுக்காரர், விலை கொடுத்து மேலும் 90 வருஷம் கேட்டு வாங்க 1993-ம் வருஷத்துச் சட்டம் உரிமை தந்தது. அதை 990 வருஷமாக்க 2024-ல் சட்டம் நிறைவேறியது.

இங்கே கோயில் மனைக்கு அப்படி உரிமை கிடையாது. கேட்கலாம். கொடுப்பது அவர்கள் கையில்.

நீண்ட குத்தகை என்றாலும் வாடகை அப்படியே நிற்கும் என்று நம்ப வேண்டாம். 1886-ல் எழுதிய முல்லைப் பெரியாறு குத்தகை 999 வருஷம். ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த வாடகை 1970-ல் 30 ரூபாய் ஆயிற்று!

உடனே பார்க்க வேண்டியவை

* பத்திரத்தை எடுத்து, கெடு என்றைக்கு முடிகிறது என்று பாருங்கள்.

* குத்தகை இறந்துபோன அப்பா பேரிலோ தாத்தா பேரிலோ இருந்தால், பேர் மாற்றத்துக்கு மனுக் கொடுங்கள்.

* பாக்கி இருந்தால் கட்டி, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

* நீட்டிப்பு மனுவை கெடுவுக்கு முன்பே கொடுங்கள். நகலில் தேதியுடன் ஆபீஸ் முத்திரை வாங்குங்கள்.

* கட்டடத்தை வாங்குகிறவர், கோயில் சம்மதம் எழுத்தில் வராமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

மகள் கல்யாணத்துக்கு வீட்டை விற்கப் போகும்போதுதான் பலர் பத்திரத்தைப் பிரிக்கிறார்கள். அதற்குள் கெடு முடிந்திருந்தால் விற்க மிஞ்சுவது செங்கலும் கதவும் ஜன்னலும்தான்.