நிறுவிய செய்நிரல்களின் இடமாற்றம்

பொருள் ஒன்று, அப்பொருள் இருக்குமிடத்தைச் சுட்டும் முகவரி பிறிதொன்று. இவ்விரண்டனையும் வேறுபடுத்தி உணராமையினாலே கணினியைக் கையாள்வோர் பலர் ஓர் இடர்ப்பாட்டிற்கு ஆளாகின்றனர். சீ எனப்படும் வட்டு நிரம்பிவிடுகின்றது. டீ எனப்படும் வட்டோ வெறுமையாய்க் கிடக்கின்றது. முன்னதில் நிறுவிய விளையாட்டொன்றையோ செய்நிரலொன்றையோ எடுத்துப் பின்னதில் வைத்தால், அஃது இயங்க மறுக்கின்றது. எனவே அதனை நீக்கி மீண்டும் நிறுவ முற்படுகின்றனர். இக்காலத்துப் பெரிய விளையாட்டுக்களுட் சில நூறு கிகாபைற்று அளவையும் கடந்தன. அவற்றை இணையவழியே மறுமுறை இறக்குதல் காலத்தையும் பணத்தையும் ஒருங்கே விழுங்குவதாகும். இத்துன்பம் தவிர்க்கத்தக்கதா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

கடிதம், படம் முதலிய கோப்புக்களை எவ்விடத்து வைப்பினும் திறக்கலாம். நிறுவிய செய்நிரலோ அத்தகையதன்று. நிறுவுங்காலத்து அது தன் கோப்புக்களை ஒரு கோப்புறையில் வைப்பதோடு அமையாது, தான் இருக்கும் முகவரியையும் பல இடங்களிற் பொறித்துவிடுகின்றது. அவற்றுட் தலையாயது ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேடு. 1992 ஆம் ஆண்டின் விண்டோஸ் 3.1 பதிப்பிற் சிறிதளவாகத் தோன்றிய இது, 1995 இல் வெளிவந்த விண்டோஸ் 95 இற் பெருவழக்காயிற்று. முகப்புத் திரையிலுள்ள குறுக்குவழிகளும் அம்முகவரியையே தாங்கி நிற்கின்றன. ஆதலின், கோப்புறை பெயர்ந்த பின்னரும் பணிசெயல் முறைமை அதனைப் பழைய இடத்திலேயே தேடுகின்றது. காணாதவிடத்து இயக்காது விடுகின்றது.

இதற்குத் தீர்வு இரண்டு. ஒன்று, முகவரிகள் அனைத்தையும் திருத்துவது. மற்றது, பழைய முகவரியை அழியாது காத்து, அதனைப் புதிய இடத்திற்கு வழிகாட்டச் செய்வது.

முதலாவதனைச் செய்நிரலை வழங்கியோரே செய்து தருமிடத்து அதுவே சிறந்தது. ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளம், நிறுவிய விளையாட்டை வேறு வட்டிலுள்ள தன் நூலகக் கோப்புறைக்கு மாற்றும் வசதியை உடையது. 2015 இல் வெளிவந்த விண்டோஸ் 10 உம், மைக்ரோசொவ்ற் கடையிற் பெற்ற செயலிகள் பலவற்றை அமைப்புப் பகுதியினின்றே நகர்த்த இடந்தருகின்றது. பழைய முறையில் நிறுவிய செய்நிரல்களுக்கு இவ்வசதி இல்லை.

அவற்றிற்கு உதவுவது இரண்டாவது வழி. பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் 1983 இல் வெளியிட்ட யுனிக்ஸ் பதிப்பில் குறியீட்டு இணைப்பு என்னும் அமைப்பு இடம்பெற்றது. விண்டோஸ் 2000 பதிப்பின் என்.ரி.எவ்.எஸ். கோப்பு முறைமையில் கோப்புறைகளுக்குச் சந்தி இணைப்பு அமைத்தல் இயல்வதாயிற்று. அதனை உண்டாக்கும் எம்.கே.லிங்க் என்னும் கட்டளை, 2007 இற் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்ராவிற் சேர்ந்தது. சந்தி இணைப்பு கோப்புறை போலவே தோன்றும். ஆயின் உள்ளே பொருளில்லை. அதனை நாடுவோரை அது மற்றோரிடத்திற்குச் செலுத்திவிடும். வீடு மாறியவர் பழைய வீட்டுக் கதவிற் புதிய விலாசத்தை எழுதி வைத்தாற் போல்வது அது.

செய்முறையில் வரிசை பிறழலாகாது. முதற்கண் செய்நிரலை முற்றாக மூடி, அதன் கோப்புறையை டீ வட்டிற் படியெடுத்தல் வேண்டும். கோப்புக்களின் தொகையும் அளவும் ஒத்துள்ளனவா என நோக்கிய பின், பழைய கோப்புறையை அழியாது அதன் பெயரை மட்டும் மாற்றுக. அடுத்து, நிருவாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில், எம்.கே.லிங்க் என எழுதி, சாய்கோட்டுடன் ஜே என்னும் எழுத்தைச் சேர்த்து, முதலிற் பழைய முகவரியையும் பின்னர்ப் புதிய முகவரியையும் தருக. இவ்விரண்டும் முன்பின்னாக மாறுதல் பலர்க்கு நேரும் வழு. செய்நிரல் செவ்வனே இயங்கக் கண்ட பின்னரே, பெயர் மாற்றிய பழைய கோப்புறையை நீக்குதல் தகும்.

இம்முறைக்கும் எல்லையுண்டு. விண்டோஸ் கோப்புறையையும், புரோகிராம் பைல்ஸ் கோப்புறையை முழுவதாகவும் இவ்வாறு பெயர்த்தலாகாது. நச்சுநிரற் காப்பு முதலியன முறைமையோடு பின்னிப் பிணைந்தனவாதலின் அவற்றையும் விட்டுவிடுதல் நன்று. டீ வட்டின் எழுத்து மாறினும் வட்டுக் கழற்றப்படினும் இணைப்பு அறும். இணைப்பை நீக்குங்கால், உள்ளடக்கத்தையும் உடன் அழிக்கும் கட்டளைகளைப் பயன்படுத்தலாகாது. மேலும், விளையாடியோர் சேமித்த நிலைகள் பெரும்பாலும் பயனரின் தனிக் கோப்புறையிலேயே உள்ளன. செய்நிரலைப் பெயர்த்ததனால் அவையும் பெயர்ந்தன எனக் கருதிச் சீ வட்டைத் துடைத்தவர், பல நாளுழைப்பை ஒரு நொடியில் இழப்பர்.

கட்டளையை மனனஞ் செய்தவர், அது தவறுமிடத்துத் திகைப்பர். எம்முகவரியை எது தேடுகின்றது என்று அறிந்தவரோ, பிழை நேர்ந்த இடத்தைத் தாமே காண்பர். பொருளைப் பெயர்க்குமுன் அதனைச் சுட்டும் முகவரிகளை எண்ணிப் பார்த்தலே இக்கலையின் முதற்பாடமாகும்.